இரண்டு மட்டை, ஒரு கப்பல்

கண்மாய் வற்றினால் போதும், எங்கள் மல்லாங்கிணறு பக்கம் பையன்கள் ஸ்டம்பு நட்டுவிடுவார்கள். ரஞ்சிக் கோப்பை தொடங்கிய 1934இல் எங்கள் பகுதி ராமநாதபுரம் ஜில்லா. மெட்ராஸ் கிரிக்கெட் அணி பெயருக்குத்தான் ராஜதானி முழுவதற்கும் சொந்தம். ஆடியவர்கள் பெரும்பாலும் பட்டணத்து கிளப்புக்காரர்கள், அவர்களில் வெள்ளைக்காரர்களும் உண்டு.

அந்த வட்டத்துக்குள் நுழைந்தவர், செங்கல்பட்டு ஜில்லா மொறப்பாக்கத்தில் 1909இல் பிறந்த எம்.ஜே. கோபாலன். திருவல்லிக்கேணி கிளப்பில் வேகப்பந்து வீசியவரைக் கண்டுகொண்டவர் மெட்ராஸ் அணியின் வெள்ளைக்காரத் தலைவர் ஜான்ஸ்டன். பர்மா ஷெல்லில் வேலையும் வாங்கிக் கொடுத்தார். ஆட்டத்தில் சம்பளம் இல்லாத காலம். அந்த வேலை இல்லாவிட்டால் கோபாலனும் இல்லை என்றே நினைக்கிறேன்.

1934 ஜனவரியில் கல்கத்தாவில், ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணிக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். கிடைத்தது ஒரு விக்கெட். அதே ஆண்டு நவம்பர் 4, சேப்பாக்கம்: ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர்தான். எதிரணி மைசூர், 48க்கும் 59க்கும் சுருண்டது. மெட்ராஸ் எடுத்த 130 ரன்னே இன்னிங்ஸ் வெற்றிக்குப் போதுமானதாக இருந்தது. ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. உண்மையில் அன்றைய நாயகன் ஏ.ஜி. ராம் சிங், 35 ரன்னுக்கு 11 விக்கெட்.

கோபாலன் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936இல் இரண்டு அழைப்பும் ஒன்றாக வந்தன. பெர்லின் ஒலிம்பிக்குக்கான ஹாக்கித் தேர்வு ஒரு பக்கம், இங்கிலாந்து கிரிக்கெட் பயணம் இன்னொரு பக்கம். அவர் கிரிக்கெட் கப்பலில் ஏறினார். தியான் சந்த் அணி ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது. விஜயநகரம் மகாராஜ்குமார் தலைமையில், சண்டையும் சச்சரவுமாகப் போன இங்கிலாந்துப் பயணத்தில் கோபாலனுக்கு ஒரு டெஸ்ட்கூடக் கொடுக்கவில்லை. இதைச் சொல்லி எல்லோரும் 'உச்' கொட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டியலில் பெயர் இருந்தும் பெவிலியனில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று உடம்பால் தெரிந்தவர், 1950களில் தேசியத் தேர்வாளர் ஆனார். மகாராஜாக்கள் தயவில் அணி அமைந்த நாட்டில் அது சின்ன மாற்றமில்லை.

1950களின் தொடக்கத்தில் அவர் பெயரில் கோபாலன் கோப்பை பிறந்தது. மெட்ராசும் இலங்கையும் மோதின. டெஸ்ட் தகுதிக்குக் காத்திருந்த இலங்கைக்கு அது பெரிய பயிற்சிக்களம். இந்தியாவுடன் அவர்கள் முதல் டெஸ்ட் ஆடியதும் 1982இல் சேப்பாக்கத்தில்தான்.

2003இல் இறந்தபோது, உயிரோடிருந்த டெஸ்ட் வீரர்களில் மூத்தவர் கோபாலன். ராம் சிங்குக்கோ ஒரு டெஸ்ட்கூட வாய்க்கவில்லை. மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் ஆடினார்கள். கிருபாலும் பிற்காலத்தில் தேர்வாளர் ஆனார். அந்தக் குடும்பக் கதை அடுத்த வாரம்.