கார்ல் ரோஜர்ஸின் ஆலோசனை முறை: தனிமனிதரிலிருந்து தம்பதியர் வரை

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987) தனிமனித உளவியல் ஆலோசனையின் முன்னோடியாகவே பெரிதும் அறியப்படுகிறார். அவரது முறை உருவானதில் மணவாழ்க்கைச் சிக்கலுக்கு இருந்த இடத்தையும், அம்முறை தம்பதியரை நோக்கி விரிந்தபோது எழுந்த வினாவையும் இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கார்ல் ரோஜர்ஸ், உளவியல் ஆலோசனை, ஒத்துணர்வு, தம்பதியர் ஆலோசனை, செவிமடுத்தல்

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் மணவாழ்க்கை ஆலோசனை பெரும்பாலும் அறிவுரை வழங்கும் பணியாகவே இருந்தது. 1930ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அமெரிக்கக் குடும்ப உறவுகள் நிறுவனத்தைத் தொடங்கிய பால் போப்பனோ, இனமேம்பாட்டுக் கொள்கையை வலியுறுத்தியவர். மணமுறிவைத் தடுத்துக் குடும்பத்தை நிலைநிறுத்துவதே அவரது ஆலோசனையின் இலக்கு. எது நல்ல திருமணம் என்பதை ஆலோசகர் முன்னரே அறிந்திருந்தார். தம்பதியர் அதற்கு ஏற்பத் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இதற்கு மாற்றான அணுகுமுறை மணவாழ்க்கை ஆலோசனைத் துறைக்கு வெளியே, சிறார் நல நிலையம் ஒன்றில் முளைவிட்டது.

ரோஜர்ஸின் பின்னணி

சிகாகோவை அடுத்த ஓக் பார்க்கில், கட்டுப்பாடு மிகுந்த சீர்திருத்தக் கிறித்தவக் குடும்பத்தில் ரோஜர்ஸ் பிறந்தார். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் பண்ணை நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கு வேளாண் நூல்களைப் பயின்றதன் வழியாகவே சோதனைமுறை அறிவியலில் அவருக்கு ஈடுபாடு தோன்றியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேளாண்மையில் தொடங்கி வரலாற்றுக்கு மாறிய அவர், 1922இல் உலகக் கிறித்தவ மாணவர் மாநாட்டுக்காகச் சீனா சென்றார். பெற்றோரின் சமயக் கருத்துகளிலிருந்து அவர் விலகியதில் இப்பயணத்துக்கு முக்கியப் பங்குண்டு. 1924இல் ஹெலன் எலியட்டை மணந்தபின், நியூயார்க்கில் இறையியல் பயின்று, பின் அதனைக் கைவிட்டுக் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் உளவியல் கற்றார். பிறர் வகுத்த கோட்பாட்டைவிடத் தன் அனுபவத்தையும் சான்றையும் முதன்மையாகக் கொள்ளும் மனப்பாங்கு இக்காலத்தில் வேரூன்றியது எனலாம்.

ரோச்செஸ்டரில் நேர்ந்த திருப்பம்

1928 முதல் 1940 வரை ரோஜர்ஸ் ரோச்செஸ்டர் நகரில், துன்புறுத்தலுக்கு எதிரான சிறார் பாதுகாப்புச் சங்கத்தின் ஆய்வுப் பிரிவில் பணியாற்றினார். அங்கு நேர்ந்த நிகழ்வொன்றைப் பின்னாளில் அவரே பதிவுசெய்துள்ளார். அடங்காத சிறுவன் ஒருவனின் தாய் அவரிடம் ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்தார். தொடக்கக் காலத்தில் தாய் காட்டிய புறக்கணிப்பே சிறுவனின் நடத்தைக்குக் காரணம் என்று ரோஜர்ஸ் முடிவு செய்திருந்தார். அதை எவ்வளவு மென்மையாக உணர்த்த முயன்றும் பயனில்லை. இனித் தொடர்வதில் பொருளில்லை என இருவரும் ஒப்புக்கொண்டனர். வாயில் வரை சென்ற அப்பெண் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா என வினவினார். உண்டு என்றதும் மீண்டும் வந்தமர்ந்து, கணவருடனான உறவின் துயரையும் தம் தோல்வியுணர்வையும் கொட்டத் தொடங்கினார். அதுவரை அவர் அளித்த சீரான தகவல்களிலிருந்து இது முற்றிலும் வேறுபட்டிருந்தது. உண்மையான ஆலோசனை அப்போதுதான் தொடங்கிற்று; பயனும் தந்தது. தன்னை வருத்துவது எது, செல்ல வேண்டிய திசை எது என்பதை நாடி வருபவரே அறிவார் என்ற முடிவுக்கு ரோஜர்ஸ் வர இது வழிவகுத்தது.

இந்நிகழ்வு தனிமனித ஆலோசனையின் தோற்றக்கதையாகவே எடுத்துரைக்கப்படுகிறது. ஆனால் அப்பெண் கொண்டுவந்தது மணவாழ்க்கைச் சிக்கல் என்பதையும், அதில் மறுதரப்பான கணவர் அறையில் இல்லை என்பதையும் இங்குக் கருத வேண்டும்.

முறையின் உருவாக்கம்

1936இல் ஓட்டோ ராங்க் ரோச்செஸ்டரில் நடத்திய கருத்தரங்கு ரோஜர்ஸின் சிந்தனைக்கு வலுவூட்டியது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியராக அவர் 1942இல் வெளியிட்ட நூலில், ‘நோயாளி’ என்ற சொல்லுக்கு மாற்றாக ‘கிளையன்ட்’ என்ற சொல் முன்னிறுத்தப்பட்டது. எட்டு அமர்வுகள் கொண்ட ஓர் ஆலோசனை முழுவதும் இசைத்தட்டில் பதிவு செய்யப்பட்டு, எழுத்து வடிவில் அந்நூலில் இடம்பெற்றது. மூடிய அறைக்குள் நிகழ்ந்த உரையாடல் பிறர் ஆராயத்தக்க ஆவணமாயிற்று.

1957இல் எழுதிய கட்டுரையில், ஆளுமை மாற்றத்துக்குத் தேவையான ஆறு நிபந்தனைகளை அவர் வகுத்தார். ஆலோசகரின் உண்மைத்தன்மை, நிபந்தனையற்ற ஏற்பு, ஒத்துணர்வு ஆகியன அவற்றுள் அடங்கும். முதல் நிபந்தனையோ, இருவர் உளவியல் தொடர்பில் இருத்தல் என்பதாகும். இந்த ‘இருவர்’ என்ற எண்ணே பின்னர் எழும் சிக்கலுக்குத் திறவுகோல்.

தம்பதியரும் மூன்றாம் இருக்கையும்

ஆலோசனை பெற்றவர் குடும்பத்தாரிடம் தம் உணர்வுகளை ஒளிவின்றி வெளிப்படுத்தவும், அவர்களுக்குச் செவிமடுக்கவும் கற்கிறார் என்று 1961இல் வெளிவந்த நூலில் ரோஜர்ஸ் எழுதினார். அதாவது, ஒருவரிடம் நிகழும் மாற்றம் இல்லத்துக்குப் பரவும் என்பது அவரது எதிர்பார்ப்பு. 1972இல் திருமணத்தையும் அதன் மாற்றுவடிவங்களையும் குறித்து எழுதிய நூலில், தம்பதியரின் சொந்தக் கூற்றுகளையே முதன்மைப்படுத்தினார். தம் மணவாழ்வின் இடர்ப்பாடுகளையும் மறைக்காமல் கூறினார். போப்பனோவைப் போல நல்ல திருமணத்துக்கு இலக்கணம் வகுக்க அவர் முற்படவில்லை.

எனினும், கணவனும் மனைவியும் ஒருங்கே அமரும்போது நிலைமை மாறுகிறது. மனைவியின் வேதனைக்கு ஆலோசகர் காட்டும் ஒத்துணர்வு, கணவனுக்குத் தன்மீதான தீர்ப்பாகத் தோன்றலாம். இச்சிக்கலுக்கு ரோஜர்ஸின் வழிவந்தோர் விடை தேடினர். பெர்னார்ட் கர்னி 1977இல் வெளியிட்ட உறவு மேம்பாட்டு முறையில், ஒத்துணர்வோடு செவிமடுக்கும் திறன் தம்பதியர்க்கே பயிற்றுவிக்கப்பட்டது. ஆலோசகரின் கருவி இணையர் கைக்கு மாறியது. 1980களில் லெஸ்லி கிரீன்பெர்க்கும் சூ ஜான்சனும் உருவாக்கிய உணர்வு மையத் தம்பதியர் சிகிச்சை, ரோஜர்ஸின் ஒத்துணர்வோடு குடும்ப அமைப்பியல் நோக்கையும் இணைத்தது.

இவ்விரிவிலும் ஒரு வினா எஞ்சுகிறது. மனந்திறந்து பேச இருவர்க்கும் சம உரிமை உண்டு என்பது இம்முறையின் அடிப்படை. பொருளாதாரத்தில் கணவனைச் சார்ந்திருக்கும் அல்லது வன்முறைக்கு அஞ்சும் பெண்ணுக்கு, அவ்வறையில் உரைத்த உண்மை இல்லத்தில் ஆபத்தாக முடியக்கூடும். ரோச்செஸ்டர் பெண் பேசியது கணவர் இல்லாத அறையில் என்பது இவ்விடத்தில் பொருள் பெறுகிறது.

முடிவுரை

ரோஜர்ஸின் முறை தனிமனிதரில் தொடங்கிப் பின்னர் தம்பதியர்க்கு நீட்டிக்கப்பட்டது என்ற பொதுப்பார்வை முழுமையானதன்று. அதன் தொடக்கத்திலேயே ஒரு மணவாழ்க்கையின் துயரம் இருந்தது. அறிவுரையின் இடத்தில் செவிமடுத்தலை வைத்தது அவரது நிலையான பங்களிப்பு. ஆயினும், செவிமடுத்தல் மட்டும் இருவரிடையே நிலவும் அதிகார வேறுபாட்டைச் சமன்செய்வதில்லை. ஆகவே, தம்பதியர் ஆலோசனையில் எவ்வாறு கேட்பது என்ற வினாவுக்கு முன், இருவரும் அஞ்சாது பேசும் சூழல் உள்ளதா என்ற வினா எழுப்பப்பட வேண்டும்.