கார் ஷெட்டில் கூடிய 32 பேர்

"தாத்தா, கம்ப்யூட்டர் மொழிகளில் ஆர்வம் உள்ளவர்களைச் சேர்த்து நம்ம ஊரிலேயே மாதம் ஒரு கூட்டம் நடத்தலாம்னு இருக்கேன். எப்படி ஆரம்பிக்கிறது?" என்று பேரன் கேட்டான். நான் கோப்பு கட்டியே காலம் தள்ளிய குமாஸ்தா. "முதலில் தலைவர், செயலாளர், பொருளாளர் போடு. சந்தாவை முடிவு செய். மினிட்ஸ் புத்தகம் ஒன்று வாங்கு" என்றேன். சிரித்துவிட்டான். பிறகு, அமெரிக்காவில் இருந்த ஒரு சங்கத்தின் வரலாற்றைப் படித்தேன். நான் சொன்னதில் முக்கால்வாசி தப்பு என்று தெரிந்தது.

1975 மார்ச் 5. கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊர். கார்டன் ஃபிரெஞ்ச் என்பவர் வீட்டுக் கார் ஷெட். (பெயரைக் கண்டதும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு ஒரு சந்தோஷம். ஆனால் அவர் அமெரிக்கர்தான்!) அவரும் ஃபிரெட் மூர் என்ற நண்பரும் விட்ட அழைப்பைப் பார்த்து 32 பேர் வந்தார்கள். 'ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்' அப்படித்தான் பிறந்தது.

அந்த ஜனவரியில்தான் ஆல்டேர் 8800 என்ற கணினி பத்திரிகை அட்டையில் வந்திருந்தது. பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். நினைவகம் 256 பைட் மட்டுமே. திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. முகப்பில் உள்ள சுவிட்சுகளைத் தட்டித்தான் கட்டளை கொடுக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து மல்லுக்கட்டியவர்களுக்குத் துணை தேவைப்பட்டது.

கூட்டம் பெருகி, ஸ்டான்ஃபோர்டு ஆய்வு மையத்தின் அரங்குக்கு மாறியது. லீ ஃபெல்சென்ஸ்டைன் நடத்திய முறை எனக்குப் பிடித்தது. முதல் பகுதியில் யார் வேண்டுமானாலும் எழுந்து, தன்னிடம் என்ன இருக்கிறது, தனக்கு என்ன தேவை என்று சொல்லலாம். அடுத்த பகுதியில் அவரவர் தேடியவரைப் பிடித்துப் பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

சண்டையும் வந்தது. 1964-இல் டார்ட்மவுத் கல்லூரியில் மாணவர்களுக்காக உருவான பேசிக் மொழியை, பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேருக்கு ஏற்ப எழுதியிருந்தார்கள். அதன் காகித நாடாவைப் பிரதி எடுத்துக் கூட்டத்தில் இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். 1976 பிப்ரவரியில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, இது திருட்டு என்றார். உழைத்தவனுக்குக் கூலி வேண்டாமா? சம்பளத் தேதியை எதிர்பார்த்தே வாழ்ந்த எனக்கு அவர் கோபம் புரிகிறது.

ஆனால் தாங்களே எழுதிக் கொடுத்தவர்களும் அந்த வட்டாரத்தில் இருந்தார்கள். மிகக் குறைந்த நினைவகத்தில் ஓடும் 'டைனி பேசிக்' மொழியைப் பலர் தனித்தனியாக எழுதிப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். முதல் கூட்டத்துக்கு வந்திருந்த ஸ்டீவ் வோஸ்னியாக், தான் செய்த கணினியின் வரைபடத்தைப் பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். அதுதான் ஆப்பிள்-1. அதற்கான பேசிக்கையும் அவரே எழுதினார்.

நான் சொன்னதில் சரியான கால்வாசி என்ன என்கிறீர்களா? ஃபிரெட் மூர் முதல் கூட்டத்தில் நடந்ததைச் செய்திமடலாக எழுதி அனுப்பினார். அன்று அங்கே என்ன பேசினார்கள் என்று இன்று நாம் படிக்க முடிவது அதனால்தான். கிளப் 1986 வரை நடந்தது.

பேரனிடம் மறுபடி சொன்னேன்: "தலைவர் வேண்டாம்டா. வந்தவர்கள் எல்லோரையும் பேச விடு. அடுத்தவர் உழைப்பைக் கேட்காமல் பிரதி எடுக்காதே. அந்த மினிட்ஸ் புத்தகத்தை மட்டும் வாங்கிவிடு."

வாங்கிவிட்டான். முதல் பக்கத்தில் தேதி போட்டுக் கொடுத்தது நான்தான்.