எழும்பூர் மணலும் இல்லத்துச் சிறாரும்

திண்ணைப் பள்ளியில் மணல் பரப்பி, விரலால் அகரம் எழுதிப் பழகிய தலைமுறை ஒன்று நம் குடும்பங்களில் இருந்தது. அச்செய்தியைப் பாட்டனார் சொல்லக் கேட்டோர் நம்முள் பலர். அம்மணல் வித்தை கப்பலேறி ஆங்கில நாடு சென்றதையும், பின்னர் இந்த மும்பை நகருக்கே வந்து சேர்ந்ததையும் கேட்டோர் சிலரே. அவ்வரலாறு ஓர் அநாதை இல்லத்தில் தொடங்குகின்றது. இல்லங்களில் வளரும் சிறார்க்குக் கணினியும் இணையமும் எட்டுமா என்ற கேள்வி எழுந்துள்ள இந்நாளில் அதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787ஆம் ஆண்டில் சென்னை வந்திறங்கினார். 1789இல், படைவீரர் புதல்வர்க்கென எழும்பூரில் அமைந்த ஆண் அநாதை இல்லத்தின் மேற்பார்வையை ஏற்றார். அப்பணிக்கு ஊதியம் பெற மறுத்தார். (இரயில்வே அன்பர்களுக்கு ஒரு குறிப்பு: அவ்வில்லம் இருந்தது இன்றைய எழும்பூர் நிலையத்திற்கு அண்மையிலேதான்.) அங்கு வளர்ந்தோர் ஐரோப்பியச் சிப்பாய்களின் மக்கள், தாயருள் பலர் இந்நாட்டுப் பெண்டிர். ‘அநாதை’ என்ற சொல்லை நம்பிவிட வேண்டா. அச்சிறுவருள் பலருக்குத் தாய் உயிருடன் இருந்தாள். தாயிடம் வளர்ந்தால் பிள்ளை கெட்டுவிடும் என்பது அந்நாளைத் துரைமார் எண்ணம். அவ்வாறு பிரித்து வளர்த்த பிள்ளைகட்கு நல்வாழ்வேனும் அமைத்தனரா? 1791ஆம் ஆண்டில், இந்தியப் பெற்றோர்க்குப் பிறந்தோர் கம்பெனியின் குடிமை, படை, கடற்பணிகளில் அமர்தல் ஆகாது என்று கிழக்கிந்தியக் கம்பெனி விதித்தது. கற்பித்த கையே கதவையும் அடைத்தது!

ஒரு நாள் பெல், தமிழ்ச் சிறார் பயிலும் பள்ளி ஒன்றைக் காண நேர்ந்தது. ஐரோப்பியர் அந்நாளில் தமிழரையும் ‘மலபார்’ என்றே அழைத்தமையால், அதனை மலபார்ப் பள்ளி என்று குறித்தார். சிறார் தரையில் அமர்ந்து மணலில் எழுத்தெழுதக் கண்டு வியந்தார். அவர்க்கு முன்னரே, 1623ஆம் ஆண்டில், இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே கன்னட நாட்டில் சிறுவர் மணலில் எழுதிக் கணக்குப் பயில்வதைக் கண்டு எழுதியுள்ளார். ஆனால் அவர் கண்டதோடு நின்றார். பெல் அதனைத் தம் இல்லத்திற்குக் கொண்டு சென்றார்.

அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் இம்முறைக்கு இணங்கவில்லை. பெல் என்ன செய்தார்? ஜான் ஃப்ரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். பெரியோர் இயலாதென்று கைவிட்டதைச் சிறுவன் செய்து முடித்தான். பிறகு மற்ற வகுப்புகளிலும் கற்ற பிள்ளையே கல்லாப் பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாடு பரவிற்று. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலையே இது.

இம்முறை வென்றதற்கு மணல் மலிவானது என்பது மட்டும் காரணமன்று. தாளும் மையும் விலையுயர்ந்தவை. ஆகவே அவை வீணாகாவண்ணம் ஆசிரியர் காத்துக்கொண்டிருப்பார். மணலில் தவறாக எழுதினால் கையால் அழித்து மீண்டும் எழுதலாம். ஒவ்வொரு பிள்ளையின் முன்னும் மணல் இருந்தது. அருகே சொல்லித்தர ஒருவனும் இருந்தான்.

1796இல் பெல் ஊர் திரும்பி, மறு ஆண்டே இச்சோதனையைப் பற்றி நூல் வெளியிட்டார். 1811இல் இங்கிலாந்தில் ஏழையர் கல்விக்கென நிறுவப்பெற்ற தேசியக் கழகம் அவர் முறையையே கைக்கொண்டது. ‘சென்னை முறை’ என்று அதற்குப் பெயராயிற்று. 1814ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் எழுதிய மடலில், இம்முறை இந்தியாவிலிருந்து பெற்றதே என்று கம்பெனி இயக்குநர்களே ஒப்புக்கொண்டனர். மறு ஆண்டு, 1815இல், பம்பாய்க் கல்விக் கழகம் தோன்றி, ஆதரவற்ற ஐரோப்பியர் மக்கட்கு இதே முறையில் கற்பிக்கலாயிற்று. பைகுலாவில் இன்றுள்ள கிறைஸ்ட் சர்ச் பள்ளியும், தேவ்லாலியில் 1925இல் திறந்த பார்ன்ஸ் பள்ளியும் அக்கழகத்தின் வழிவந்தவை. திருநெல்வேலித் தொழிலாளர் தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்கு வருமுன்னரே, நம் திண்ணை வாத்தியாரின் வித்தை பைகுலாவுக்கு வந்துவிட்டது. பெல்லுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கல்லறை உண்டு. அவ்வாத்தியாரின் பெயரையோ உலகம் அறியாது.

நிற்க. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடின. கல்வி கைப்பேசிக்குள் புகுந்தது. நம் வீடுகளில் தந்தையின் கைப்பேசி காலையில் மகனுக்கும், தாயின் கைப்பேசி மகளுக்கும் சென்றது. அவ்வேற்பாடு முழுவதும் பெற்றோர் உண்டு என்ற நினைப்பில் எழுந்தது. இல்லத்துப் பிள்ளை யாருடைய கைப்பேசியை வாங்கும்? பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் இருக்க, பாடங்களோ ஒரே வேளையில் நடந்தன.

உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இவ்வில்லங்களைப் பற்றிய வழக்கை எடுத்துக்கொண்டு 2020 ஏப்ரல் 3ஆம் நாள் முதல் ஆணையை இட்டது. டிசம்பர் 15ஆம் நாள் ஆணையில் ஒரு கணக்கு வருகின்றது. தொற்றின் தொடக்கத்தில் நாடெங்கும் இல்லங்களில் இருந்த சிறார் 2,27,518 பேர். அவருள் 1,45,788 பேர் தம் குடும்பத்தாரிடமோ பாதுகாவலரிடமோ அனுப்பப்பட்டனர். எழும்பூரில் கண்டது போலவே இன்றும் ‘அநாதை’ எனப்படுவோருள் பலருக்கு உற்றார் உண்டு, இல்லாதது வசதியே. வீடு சென்ற பிள்ளையின் படிப்பிற்குத் தேவை கண்டு மாதம் 2,000 ரூபாய் தருமாறும், இல்லங்களில் உள்ளோர்க்கு இணையவழிக் கல்விக்கான கருவிகளும் நூல்களும் 30 நாட்களுக்குள் வழங்குமாறும் நீதிமன்றம் பணித்தது. போதிய ஆசிரியரையும் அமர்த்த வேண்டும் என்றது.

இக்கடைசிச் சொல்லே எனக்கு முதன்மையாகப் படுகின்றது. கருவி வழங்குவோர்க்குப் பஞ்சமில்லை. மும்பை மாநகராட்சியே 2015இல் எட்டாம் வகுப்பு மாணவர்க்குப் பலகைக் கணினி அளித்தது. ஆனால் இல்லத்தின் நிலை வேறு. விலையுயர்ந்த பொருள் உடைந்தால் யார் பொறுப்பு? இணையத்தில் அயலார் யாரேனும் பிள்ளையை அணுகினால் என் செய்வது? இவ்வச்சங்களில் நியாயம் உண்டு. இல்லத்துச் சிறாரின் பெயரும் படமும் செய்திகளில் வெளிவரலாகாது என்று 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமும் விதிக்கின்றது. கூட இருந்து கற்பிப்போர் இல்லையெனில், கருவி அலமாரிக்குள் சென்று பூட்டப்படும். அப்பொழுது அது எழும்பூர் மணலாகாது. வீணாகுமென்று காக்கப்பட்ட தாளும் மையுமே ஆகும்.

செம்பூரை அடுத்த மான்குர்டில், 1927இல் தோன்றிய சிறார் உதவிக் கழகத்தின் இல்லம் உள்ளது. நம் இரயில் நிலையங்களில் தனித்துத் திரியக் கண்டு மீட்கப்படும் பிள்ளைகள் குழந்தைகள் நலக் குழுவின் வழியாக இத்தகைய இல்லங்களையே அடைகின்றனர். அப்பிள்ளைகள் பதினெட்டு வயது நிறைந்ததும் வெளியேற வேண்டும். அதன்பின் 21 வயதுவரை உதவி பெறச் சட்டம் இடந்தருகின்றது. நான் இரயில்வே வேலைக்கு மனுச் செய்த நாளில் ஒரு தாளும் தபால்தலை ஒட்டிய உறையும் போதுமாயிருந்தன. இன்று இரயில்வே தேர்வு வாரியத்திற்கு விண்ணப்பம் இணையத்தின் வழி. தேர்வும் கணினியின் முன்னே. 1791ஆம் ஆண்டினைப் போல இல்லத்துப் பிள்ளையை விலக்கும் ஆணை இன்று எதுவும் இல்லை. கணினியைத் தேர்வுக் கூடத்தில்தான் முதன்முதல் தொடும் பிள்ளைக்கு அப்படி ஓர் ஆணை தேவையும் இல்லை.