கொண்டையைத் தூக்காத கழுகு

கேஸி வுட் ஒரு கண் டாக்டர். மனிதக் கண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல் பறவைகளின் கண்ணுக்குள்ளும் எட்டிப் பார்த்தவர். அதன் உட்புறம் எப்படி இருக்கிறது என்று 1917இல் ஒரு புத்தகமே போட்டார். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துக்காகப் பறவை நூல்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்த இந்த மனுஷர் கையில், 1924இல் லண்டனில் ஒரு பழைய ஓவியக் கட்டு சிக்கியது. உள்ளே நம்ம சென்னைப் பறவைகள். வரைந்தது எலிசபெத் குவில்லிம்.

மெட்ராஸ் உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்த ஹென்றி குவில்லிமின் மனைவி அவர். 1801இல் வந்தார், தெலுங்கு கற்றார், பறவைகளை வரைந்தார், 1807இல் இங்கேயே இறந்துபோனார். நூறு வருஷத்துக்கு மேல் அவரை யாரும் தேடவில்லை. கடைசியில் அந்தப் பறவைகளைக் கண்டெடுத்தவர் ஒரு கண் டாக்டர் என்பதில் எனக்கு அல்ப சந்தோஷம் உண்டு.

அந்த 121 பறவை ஓவியங்களில் பல, பறவையின் நிஜ அளவிலேயே வரையப்பட்டவை. சிட்டுக்குருவியை நிஜ அளவில் வரைவது பெரிய விஷயமில்லை. நாரையையும் கழுகையும் அப்படி வரையக் காகிதமும் பெரிதாக வேண்டும், பறவையும் கிட்டத்தில் வேண்டும். உலகம் இதற்காகக் கொண்டாடுவது அமெரிக்க ஓவியர் ஆடுபானைத்தான். அவருடைய அமெரிக்கப் பறவைகள் தொகுப்பு 1827க்கும் 1838க்கும் இடையில் வெளிவந்தது. ஒரு தாள் ஒரு மீட்டர் உயரம். அப்படியும் பூநாரை அதில் அடங்காமல் கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்கும். ஆடுபான் பறவைகளைச் சுட்டுக் கொன்று, கம்பி குத்தி நிறுத்தி வரைந்தவர். அதற்கு இருபது வருஷம் முன்பே குவில்லிம், பறவை பிடிப்பவர்கள் கொண்டுவந்த உயிருள்ள பறவைகளைப் பார்த்து வரைந்தார். ஆடுபானின் பறவைகள் நாடகம் போடும். குவில்லிமுடையவை சும்மா நிற்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கம் காபித் தோட்டங்களுக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிற எனக்கு இந்தப் பழங்கதை எதற்கு? நான் எடுக்க நினைப்பது பெரிய பறவையின் முகத்தை. முழுப் பறவையை இல்லை. கண், அலகு, நெற்றி இறகு, அவ்வளவுதான். ‘எப்படிக் கிட்டப் போவது’ என்ற கேள்வியோடு மல்லுக்கட்டாமல் அந்தப் படம் யாருக்கும் கிடைத்ததில்லை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஃபுல் ஃபிரேம் கேமரா, 500 எம்.எம். லென்ஸ், எட்டு மீட்டர் தூரம், அப்பர்ச்சர் 5.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூர்மையாக விழுகிற ஆழம் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர்தான். கூழைக்கடாவின் அலகோ சுமார் 30 சென்டிமீட்டர் நீளம். அது நேராக உங்களைப் பார்த்தால் கண் தெளியும், அலகு நுனி புகையாகிவிடும். அப்பர்ச்சரை 11க்குக் கொண்டுபோனால் ஆழம் இரட்டிக்கும், அப்போதும் பத்தாது. ஷட்டர் வேகம் வேறு விழுந்துவிடும். பக்கவாட்டில் திரும்பினால்தான் கண்ணும் அலகும் ஒரே தளத்துக்கு வரும். பறவை ஓவியர்கள் பக்கவாட்டு முகத்தை விரும்பியது இனம் காட்டுவதற்காக. நாங்கள் லென்ஸுக்குக் கட்டுப்பட்டு அதே இடத்துக்கு வந்து சேர்ந்தோம்.

துப்பாக்கி இருந்த இடத்துக்குக் கேமரா வந்தபோது, கிட்டப் போக ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் பாடம் பண்ணிய மாட்டுக்குள் உட்கார்ந்து படம் எடுத்தார்கள். பசுத்தோல் போர்த்திய புலியை நாம் பழமொழியில் வைத்திருக்கிறோம், அவர்கள் உள்ளேயே போய்விட்டார்கள். இந்தியாவில் லோதர் கூட்டருகே மறைவிடம் கட்டிக் காத்திருந்து எடுத்த படங்கள் 1949இல் புத்தகமாயின. சலீம் அலியோடு இந்தியாவில் சுற்றிய சினிமாத் தியேட்டர் அதிபர் லோக் வான் தோவும் மறைவிடக்காரர்தான். அழகான படங்கள், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் கூட்டருகே எடுத்தவை. குஞ்சை விட்டுப் போக முடியாத தாய்ப் பறவை அங்கே வந்துதான் ஆக வேண்டும். இன்றைக்குப் பறவை ஆர்வலர்கள் கூட்டுப் படம் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

நம்ம ஆள் மா. கிருஷ்ணன். 1912இல் பிறந்தவர், ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950இலிருந்து ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். 1996 பிப்ரவரி 18இல் அவர் இறந்த அன்றும் அந்தப் பத்தி வெளிவந்தது. தமிழிலும் எழுதினார், ‘மழைக்காலமும் குயிலோசையும்’ தொகுப்பைத் தியடோர் பாஸ்கரன் கொண்டுவந்தார். கடைசிவரை கறுப்பு வெள்ளைதான் அவருக்கு. கேமராவும் கடையில் கிடைத்ததில்லை. உடம்பு ஒரு கம்பெனி, லென்ஸ் இன்னொரு கம்பெனி, மிச்சம் அவர் கைவேலை. அதற்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று பெயர் வேறு. இதில் ஷூ லேஸ் கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை என்கிற மாதிரி இ.பி. ஜீ கிண்டலடித்திருக்கிறார்.

கிருஷ்ணன் காட்டில் நடந்தும் யானை மேலேறியும் படம் எடுத்தவர். பிரிண்டைத் தானே இருட்டறையில் போட்டவர். நெகட்டிவில் எதை விட்டு எதை வைப்பது, எங்கே வெளிச்சத்தைக் கூட்டுவது, எங்கே குறைப்பது எல்லாம் அங்கே முடிவாகும். அதனால் ‘அந்தக் காலத்துல எடிட்டிங்கே கிடையாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருட்டறை போய் லைட்ரூம் வந்தது, அவ்வளவுதான். ஒரு வித்தியாசம் உண்டு: இருட்டறையில் நெகட்டிவில் இல்லாத இறகைக் கொண்டுவர ரொம்ப மெனக்கெட வேண்டும். இப்போதைய ஏஐ டீநாய்ஸ், 6400 ஐஎஸ்ஓவில் கரைந்துபோன நெற்றி இறகை ஒவ்வொரு இழையாக யூகித்துப் போட்டுத் தந்துவிடும். அந்த இழை பறவையுடையது இல்லை.

மஞ்சக்குட்டையில் எனக்கு அடிக்கடி கிடைப்பது கொண்டைப் பாம்புக் கழுகு. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் மணிக்கணக்காய் உட்கார்ந்திருக்கும். (வெளிநாட்டு மரங்களைக் கண்டாலே ஆகாது கிருஷ்ணனுக்கு. ஆஸ்திரேலிய மரத்தில் நம்ம கழுகு என்றால் ஒரு பத்தி முழுக்கத் திட்டியிருப்பார்.) கண் மஞ்சள், கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே தோலும் மஞ்சள். மூடுபனியில் கேமரா எல்லாவற்றையும் நீலமாக்கிவிடும். அதைச் சரிக்கட்டச் சூட்டை ஏற்றினால் முகம் ஆரஞ்சு ஆகிவிடும். நான் பின்னணிக்கு மட்டும் மாஸ்க் போட்டு, முகத்தைத் தனியாகத் திருத்துவேன். கண்ணில் விழும் வெளிச்சப் புள்ளி இல்லையென்றால் இல்லைதான், ஒட்டவைப்பதில்லை.

இந்தக் கழுகு மிரளும்போது கொண்டையை விரிக்கும். கறுப்பும் வெள்ளையுமாக இறகுகள் விசிறி போல நிற்க, தலை இரண்டு மடங்காகத் தெரியும். பிரமாதமான போர்ட்ரெய்ட். லைக் அள்ளுவதும் போட்டிகளில் கண்ணில் படுவதும் இந்தப் போஸ்தான். ஒருநாள் தோட்டத்தில் வேலை செய்யும் மலையாளிப் பெரியவர் ஒருத்தர் என் கேமரா திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, அது உன்னயப் பாத்துப் பயந்துக்கிச்சு” என்றார். “கம்முனு இருக்கறப்ப அதுக்கு மண்டை சின்னதுதான்.” ஷார்ப்னஸ், நிறம், பின்னணி எல்லாம் மாற்ற வழியிருக்கிறது. விரிந்த கொண்டையை மடக்கிக் காட்டுகிற ஸ்லைடரை நான் பார்த்ததில்லை. வந்தாலும் வரலாம்.

குவில்லிம் கப்பலிறங்குவதற்கு மூன்று வருஷம் முன்பு, 1798இல், வேடந்தாங்கல்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம், காரணம் அவ்வளவு எளிமையானது. கிருஷ்ணன் வேடந்தாங்கலைப் பற்றி நிறைய எழுதினார். பறவைகள் கிட்டத்தில் நிற்பதற்கு லென்ஸ் காரணமில்லை, ஊர்தான் காரணம் என்பது அங்கே போய்ப் பார்த்தால் புரியும். தெற்கே நாங்குநேரிக்குப் பக்கத்தில் கூந்தன்குளம் இன்னும் ஒரு படி மேல். அங்கே மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு கட்டும். கீழே விழுந்த குஞ்சை ஊர்க்காரர்கள் எடுத்து வளர்த்துவிடுவார்கள். அங்கே சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்க, மேலே கிளையில் கூழைக்கடா அலகை முதுகில் செருகித் தூங்கிக்கொண்டிருந்தது. என் 500 எம்.எம். லென்ஸுக்கு மூன்றரை மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. நான் நாலு அடி பின்னால் நடந்து போய்த்தான் எடுத்தேன்.