குகைக்கு மேல இருக்கிற நிலம் யாருது?

கல்வராயன் மலைக்குப் போயிட்டு வர்ற நண்பர்கள் எல்லாரும் எங்கிட்ட கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு. "கரியாலூர்ல படகு விட்டாச்சு, பெரியார் அருவில குளிச்சாச்சு. இந்த மலைக்குள்ள டார்ச் அடிச்சுக்கிட்டு நடந்து போற மாதிரி பெரிய குகை இல்லையா மச்சி?"

அந்த மாதிரி சுண்ணாம்புக் குகை இங்க இல்லை. காரணம் பாறை. நம்ம மலையில இருக்கிறது பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் வகை. (சார்னோகைட்டுக்கு அந்தப் பேரு வந்ததே ஒரு கல்லறையால. கொல்கத்தாவில் இருக்கிற ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் நம்ம சென்னைப் பக்கத்துப் பாறை. அதை வச்சுத்தான் 1893ல் ஹாலண்ட் என்கிற புவியியலாளர் பேர் வச்சார்.) அது தண்ணியில அவ்வளவு லேசா கரையாது. சுண்ணாம்புக்கல் கரையும். மழைத்தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்கிற கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கிட்டு, சோடா மாதிரி லேசான அமிலமாகி விரிசல்ல இறங்கும். லட்சக்கணக்கான வருஷம் இப்படியே இறங்கினா விரிசல் குகையாயிடும்.

ஆனா நம்ம மலையும் சேர்ந்த அதே கிழக்குத் தொடர்ச்சி மலையில வடக்கே போனா, ஆந்திராவில் அரக்கு பக்கம் போரா குகை இருக்கு. இந்தப் பதிவு அந்தக் குகையைப் பத்தினது. குகையோட அழகைப் பத்தி இல்லை, அதுக்கு மேல இருக்கிற நிலத்தைப் பத்தி. கடைசியில கரியாலூருக்கே வந்துடுவேன், பயப்படாதீங்க :-)

போரா குகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கு. ஆழம் 80 மீட்டர். கோஸ்தனி ஆறு அதுவழியா ஓடுது. இணையத்துல தேடினா எல்லா இடத்துலயும் ஒரே வரி வரும்: 1807ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் ஜார்ஜ் கண்டுபிடிச்சார்னு. சின்ன சிக்கல் என்னன்னா, அந்தத் துறை ஆரம்பிச்சதே 1851ல்தான்! வில்லியம் கிங்னு ஒருத்தர் அந்தத் துறையில இருந்தது நிஜம், 1880களின் கடைசியில இயக்குனராகவும் ஆனார். யாரோ வருஷத்தைத் தப்பா எழுத, மத்தவங்க காப்பி பேஸ்ட் பண்ணிட்டாங்க.

ஊர்க்காரங்க சொல்ற கதை வேற. மேல மேய்ஞ்ச பசு ஓட்டை வழியா உள்ள விழுந்துடுச்சாம். தேடிப் போன மாடு மேய்க்கிறவர் கண்ணுல லிங்கம் மாதிரி ஒரு கல் பட்டுச்சாம். இதுல வருஷம் இல்லை. ஆனா வரலாறா பாத்தா எனக்கு இந்தக் கதை முக்கியமாப் படுது. குகையை முதல்ல பாத்தது மேல நிலத்துல மாடு மேய்ச்சவங்கன்னு இது சொல்லுது இல்லையா?

அந்த நிலத்துக்கு வருவோம். 1960களில் பைலதிலா இரும்புத்தாதுவை விசாகப்பட்டினம் வழியா ஜப்பானுக்கு அனுப்ப ரயில் பாதை போட்டாங்க. அது குகைக்கு மேலேயே போகுது. குகையை உண்டாக்கின அதே கல்லுல கால்சைட் இருக்கு. அதை வெட்டி எடுக்க அரசு தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகை கொடுத்துச்சு. பிர்லா பெரிக்ளேஸ் அதுல ஒண்ணு. போரா காப்புக்காடும் அதைச் சுத்தின 14 கிராமங்களும் பழங்குடிப் பகுதின்னு அறிவிக்கப்பட்டவை. தலைமுறை தலைமுறையா அங்க விவசாயம் பண்ணினவங்கள்ல பல பேர் கையில பட்டா கிடையாது. நம்ம பாஷையில சொன்னா, யூசர் அவங்க, ஆனா ஓனர்ங்கிற இடத்துல வேற பேர்.

சமதா என்கிற தன்னார்வ அமைப்பு 1993ல் ஆந்திர உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. 1995ல் தோல்வி. உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க.

வழக்கே ஒரே ஒரு வார்த்தையிலதான் நின்னுச்சு. ஆந்திராவின் 1959ம் வருஷ நிலமாற்ற ஒழுங்குமுறையை 1970ல் திருத்தினாங்க. அந்தப் பகுதியில எந்த 'நபரும்' பழங்குடி அல்லாதவருக்கு நிலத்தைக் கொடுத்தா செல்லாதுன்னு சொல்லுச்சு. சரி, அரசாங்கம் ஒரு 'நபரா'? இல்லைன்னா அரசு தன் நிலத்தை யாருக்கு வேணா குத்தகைக்கு விடலாம். ஆமான்னா குத்தகை எல்லாம் காலி.

1997 ஜூலை 11ல் தீர்ப்பு வந்துச்சு. நீதிபதிகள் கே. ராமசாமியும் சகீர் அகமதும் அரசும் ஒரு நபர்தான்னு சொன்னாங்க. ஜி.பி. பட்நாயக் மாறுபட்டார். 2க்கு 1. தனியார் குத்தகைகள் செல்லாமல் போச்சு. அரசின் கனிம நிறுவனமோ பழங்குடிக் கூட்டுறவுச் சங்கமோ வெட்டலாம்னும், நிகர லாபத்துல குறைஞ்சது 20 சதவீதம் அந்த மக்களோட முன்னேற்றத்துக்குப் போகணும்னும் தீர்ப்பு சொல்லுச்சு. அதாவது கதவு முழுசா மூடலை. யார் சாவியை வச்சிருக்காங்கங்கிறதுதான் மாறுச்சு.

2001ல் பால்கோ வழக்கில் உச்ச நீதிமன்றமே சமதா தீர்ப்பைப் பத்தி சந்தேகம் தெரிவிச்சுது. மத்தியப் பிரதேசச் சட்டத்துல ஆந்திரா மாதிரி வாசகம் இல்லைன்னும் சொல்லுச்சு. ஆக, போராவைக் காப்பாத்தினது ரெண்டு விஷயம். ஒண்ணு, அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணையில அந்த இடம் இருந்தது. ரெண்டு, மாநிலச் சட்டத்துல அந்த வார்த்தை இருந்தது.

இப்போ கரியாலூர். கல்வராயன் மலையில வாழ்ற மலையாளி மக்கள் (கேரளா இல்லீங்க, மலையை ஆள்றவங்க) சடையக்கவுண்டன், குறும்பக்கவுண்டன், அரியக்கவுண்டன்னு மூணு ஜாகீர்தார்கள் கையில இருந்தாங்க. சுதந்திரம் வந்து இத்தனை வருஷம் கழிச்சு, 1976ல்தான் மலை அரசாங்கத்து கைக்கு வந்துச்சு. 2024ல் கள்ளக்குறிச்சி சாராயச் சாவுகளுக்கு அப்புறம்தான் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே இந்த மலை மக்களோட நிலைமையை விசாரணைக்கு எடுத்துச்சு.

ஐந்தாவது அட்டவணைப் பகுதிகள் 10 மாநிலங்கள்ல இருக்கு. தமிழ்நாட்டுல ஒரு இடம் கூட இல்லை. கல்வராயன், ஜவ்வாது, கொல்லிமலை, எதுவுமே கிடையாது. அதனால போரா கிராமத்துக்காரங்க பிடிச்சு ஏறின அந்தக் கயிறு இங்க யாருக்கும் தொங்கவே இல்லை.

'இங்கதான் சுண்ணாம்புக்கல்லே இல்லையே, யார் வரப்போறா'ன்னு கேட்கலாம். ஏற்காட்டுலயும் கொல்லிமலையிலயும் கூட சுண்ணாம்புக் குகை இல்லை. பாக்சைட் இருந்துச்சு. வெட்டி மேட்டூருக்கு அலுமினியம் செய்ய அனுப்பினாங்க. அங்க வாழ்றதும் இதே மலையாளி மக்கள்தான். எந்தக் கல் எப்போ பணமாகும்னு பாறைக்குத் தெரியாது. சந்தைக்குத்தான் தெரியும்.

குகை தேடி அலையற நம்ம மாதிரி ஆளுங்களுக்கு கயிறு, ஹெல்மெட், டார்ச் எல்லாம் அத்தியாவசியம்தான். ஆனா ஒரு குகை நிக்குமா போகுமான்னு முடிவாகிறது அதுக்கு மேல இருக்கிற நிலத்தோட காகிதத்துல. அடுத்த தடவை கரியாலூர் போனா படகு விட்டுட்டு, அங்க இருக்கிற பெரியவர் யார்கிட்டயாவது பேச்சுக் கொடுங்க. பட்டா வந்துடுச்சாங்கய்யான்னு கேட்டுப் பாருங்க.