நான்காம் தரம்: அர்ஹீனியஸின் ஆய்வேட்டுப் பின்னடைவும் மீட்சியும்

1. ஆய்வுப் பொருள்

பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்கு ஸ்வாந்தே அர்ஹீனியஸ் புதியவர் அல்லர். 1903-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். அந்தப் பரிசை வென்ற முதல் ஸ்வீடன் நாட்டவரும் அவரே. பரிசுக்கு அடிப்படையான கருத்தின் கரு இருந்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு 1884-இல் உப்சாலா பல்கலைக்கழகம் அளித்தது நான்காம் தரம். அவையில் அதைத் தற்காத்துப் பேசியதற்கு மூன்றாம் தரம். பட்டம் கிடைத்தது. ஆனால், அந்தத் தரத்தைக் காட்டிப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக நுழைய முடியாது. 25 வயதில் கல்விப் பணிக்கான கதவு ஏறக்குறைய மூடிவிட்டது.

மேதையை மூடர்கள் அவமதித்தார்கள், அவர் மனவுறுதியால் வென்றார் என்பதே இந்நிகழ்வு வழக்கமாகச் சொல்லப்படும் விதம். சான்றுகள் அப்படிக் காட்டவில்லை. மீட்சியில் மனவுறுதிக்குப் பங்குண்டு. ஆனால், ஆய்வேட்டை வெளியூரில் ஒருவர் படித்ததும், பின்னர் அந்த ஆய்வே திருத்தி எழுதப்பட்டதும்தான் பெரும்பங்கு என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. பின்னடைவின் காரணங்கள்

2.1 இரு ஊர், இரு துறை

உப்சாலாவில் இயற்பியல் பேராசிரியர் தாலேன், வேதியியல் பேராசிரியர் கிளேவ். அங்கே மனம் ஒட்டாத அர்ஹீனியஸ் 1881-இல் ஸ்டாக்ஹோம் சென்று, அறிவியல் கழகத்தின் ஆய்வகத்தில் இயற்பியலர் எட்லுண்டிடம் சேர்ந்தார். ஆய்வு வளர்ந்தது ஓரிடம்; தீர்ப்புக்கு வந்தது வேறிடம். பொருளும் அப்படித்தான்: மிக நீர்த்த கரைசல்கள் எவ்வளவு மின்சாரம் கடத்துகின்றன என்பது இயற்பியல் அளவீடு, அதிலிருந்து எடுத்த முடிவுகளோ வேதியியல். இரு பேராசிரியர்களில் எவரும் அதைத் தம் துறைப் பிள்ளையாகக் கருத இடமில்லாமல் போயிற்று.

2.2 தேர்வாளர் தரப்பு

கிளேவ் சாதாரணர் அல்லர். 1879-இல் ஹோல்மியம், தூலியம் ஆகிய தனிமங்களைக் கண்டறிந்தவர். கையில் எடுத்துக் காட்டக்கூடிய பொருளை நம்பிய வேதியியலர். அர்ஹீனியஸ் புதிய கொள்கையோடு அவரிடம் போனபோது, சுவையாக இருக்கிறது என்று சொல்லி உடனே விடைகொடுத்துவிட்டாராம். பிற்காலத்தில் ஓர் உரையில் அர்ஹீனியஸே இதைச் சொன்னார். கொள்கைகள் நாள்தோறும் முளைக்கின்றன, பெரும்பாலானவை பொய்த்துப்போகின்றன என்பது கிளேவின் நிலை. பொதுவாகச் சொன்னால் அது தவறும் அன்று.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு மொழியில் எழுதி, 56 கூற்றுகளை முன்வைத்த அந்த ஆய்வேட்டில் நாம் பாடநூலில் படிக்கும் அயனிக் கொள்கை முழு உருவில் இல்லை. கரைந்த பொருளில் ஒரு பகுதி 'செயல்படும்' நிலையிலும் மறு பகுதி செயல்படா நிலையிலும் இருக்கிறது, நீர்க்க நீர்க்கச் செயல்படும் பகுதி கூடுகிறது என்ற அளவில்தான் அது நின்றது. அந்தப் பகுதி அயனிகளாகப் பிரிந்தே கிடக்கிறது என்று அவர் உறுதியாக எழுத மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின.

3. மீட்சி

3.1 அச்சுப்படி

ஆய்வேடு அச்சாகியிருந்தது, உப்சாலாவின் தரமதிப்பு அதன் பக்கங்களைத் தொட முடியாது. அர்ஹீனியஸ் படிகளை கிளாசியஸ், லோத்தர் மேயர், வாண்ட் ஹாஃப், ஆஸ்வால்ட் ஆகிய வெளிநாட்டு அறிவியலாளர்களுக்கு அனுப்பினார். மேல்முறையீட்டு மனு எழுதுவதைவிட இது கூர்மையான செயல்.

3.2 ரீகாவிலிருந்து வந்தவர்

ஆஸ்வால்ட் அப்போது ரீகாவில் பேராசிரியர். அமிலங்களின் வலிமையை வேறு வழியில் அளந்துகொண்டிருந்தவர். பல்வலியும், புதிதாகப் பிறந்த மகளும், இந்த ஆய்வேடும் ஒரே நாளில் தம்மை வந்தடைந்ததாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1884 ஆகஸ்டில் உப்சாலாவுக்கே நேரில் வந்து, ரீகாவில் பதவி தருவதாகச் சொன்னார். தந்தை நோயுற்றிருந்ததால் அர்ஹீனியஸ் உடனே கிளம்பவில்லை. போகாத அந்த வேலைதான் உள்ளூரில் பயன்பட்டது: அதே ஆண்டின் இறுதிக்குள் உப்சாலா அவரை இயற்பிய வேதியியல் விரிவுரையாளராக அமர்த்தியது. வெளியூர்க்காரர் தேடி வந்த பிறகே உள்ளூருக்கு அருமை தெரிவது நமக்கும் பழகிய காட்சிதான்.

3.3 திருத்தம்

1885-இல் தந்தை காலமானார். பின்னர் அறிவியல் கழகத்தின் பயண உதவித்தொகையில் ரீகா, வூர்ட்ஸ்பர்க், கிராட்ஸ், ஆம்ஸ்டர்டாம், லைப்சிக் எனச் சில ஆண்டுகள் கழிந்தன. கோல்ராஷ், போல்ட்ஸ்மன் போன்ற இயற்பியலர்களிடம் பணிபுரிந்த காலம் அது. வாண்ட் ஹாஃப் தம் சவ்வூடு பரவல் அழுத்த விதியைச் சரிபார்த்தபோது, நீர்த்த உப்புக் கரைசலின் அழுத்தம் எதிர்பார்த்ததைப் போல ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. காரணம் சொல்ல முடியாமல் 'ஐ' என்ற ஓர் எண்ணைச் சேர்த்துச் சமாளித்தார். ஓர் உப்பு மூலக்கூறு இரண்டு அயனிகளாகப் பிரிந்தால் துகள்கள் இருமடங்காகும் என்பதை அர்ஹீனியஸ் கண்டார். மின்கடத்தலிலிருந்து கணக்கிட்ட மதிப்பும் அதனோடு ஒத்துப்போயிற்று. 1887-இல் வெளியான கட்டுரை இந்த இரு வழிச் சான்றின் மேல் நின்றது. உப்சாலாத் தேர்வாளர்கள் 1884-இல் பார்த்தது ஒற்றை வழிச் சான்றை மட்டுமே.

4. எஞ்சிய எதிர்ப்பு

உப்பைக் கரைத்தால் தனித்த சோடியம் உண்டாகும் என்றால் தண்ணீர் ஏன் கொந்தளிக்கவில்லை என்று வேதியியலர்கள் கேட்டுக்கொண்டேயிருந்தனர். மின்சுமை ஏறிய அயனி வேறு, உலோக அணு வேறு என்ற விடை ஏற்கப்பட நாளாயிற்று. 1895-இல் ஸ்டாக்ஹோமில் அர்ஹீனியஸ் பேராசிரியர் ஆனதும் எதிர்ப்புக்கு நடுவேதான். 1903-இல் பரிசு முடிவானபோது வேதியியல் நோபல் குழுவில் இருந்தவர்களுள் கிளேவும் ஒருவர்.

கொள்கையிலும் ஓட்டை இருந்தது. அசெட்டிக் அமிலம் போன்ற வலிமை குறைந்த மின்பகுளிகளுக்கு, அக்கொள்கையின் அடிப்படையில் அமைந்த ஆஸ்வால்ட் நீர்த்தல் விதி சரியாகப் பொருந்தியது. சமையல் உப்பு போன்ற வலிமை மிக்கவற்றுக்குப் பொருந்தவில்லை. அவை முழுமையாகவே பிரிந்துவிடுகின்றன, கணக்கைப் பிசகச் செய்வது அயனிகளுக்கிடையிலான ஈர்ப்பு விலக்கு விசைகளே என்பதை டெபையும் ஹுக்கலும் 1923-இல் விளக்கினர். அப்போது அர்ஹீனியஸ் உயிரோடுதான் இருந்தார்.