0401 முதல் 0413 வரை: ஒரு டிரைவ் பதிவுக்கு உரை

ஏபிபி நிறுவனத்தின் ஏசிஎஸ்550 டிரைவ், டிரிப் ஆகும்போதெல்லாம் காரணத்தை நான்காம் தொகுதி பாராமீட்டர்களில் எழுதி வைக்கிறது. அரசலாறு கடலில் கலக்கும் காரைக்காலில், கார்த்திகை அடைமழையில் ஒரு பம்ப் மோட்டார் நின்றுபோனதாக வைத்துக்கொள்வோம். பேனலில் தெரியும் பதிவுக்கு உரை இது.

'0401: 1' – கடைசி டிரிப். 1 என்றது ஓவர்கரண்ட். எதனால் கரண்ட் ஏறியது என்பதற்கு இந்த வரியில் விடை இல்லை. பலரும் இதோடு நின்றுவிடுகிறார்கள்.

'0402, 0403' – நாளும் நேரமும். பேனலில் கடிகாரம் அமைத்திருந்தால் தேதியும் மணியும் வரும். இல்லாவிட்டால் மின்சாரம் கொடுத்ததிலிருந்து எண்ணிய நாட்கள்தான். லாக் புத்தகத்தோடு பொருத்திப் பார்க்கத் திண்டாட வேண்டும். டிரைவ் மாட்டிய அன்றே கடிகாரத்தைச் சரிசெய்துவிடுங்கள்.

'0405: 3.2; 0406: 562' – டிரிப் ஆன கணத்தின் ஃப்ரீக்வென்சியும் டிசி பஸ் வோல்டேஜும். 415 வோல்ட் சப்ளையை டிசியாக மாற்றினால் ஏறக்குறைய 560 வரும். ஆகவே சப்ளையில் குறையில்லை. 840-ஐ எட்டியிருந்தால் ஓவர்வோல்டேஜ் என்றே விழுந்திருக்கும். 3.2 ஹெர்ட்ஸ் என்றதனால், மோட்டார் கிளம்பும்போதே டிரிப் ஆகியிருப்பது தெரிகிறது. பம்ப் இறுகியிருக்கலாம், வைண்டிங் போயிருக்கலாம். எது?

'0412: 16, 0413: 16' – முந்தைய டிரிப், அதற்கும் முந்தையது. பதிவின் உயிர் இங்கேதான். 16 என்றது எர்த் ஃபால்ட். 0413தான் மூத்தது, கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். முதலில் எர்த் ஃபால்ட். ரீசெட் அடித்து ஸ்டார்ட் செய்ததும் மறுபடி எர்த் ஃபால்ட். இன்னொரு ரீசெட், கடைசியில் ஓவர்கரண்ட். ஆக, சந்தேகம் வைண்டிங் பக்கம் சாய்கிறது. கடற்காற்றின் உப்பு டெர்மினல் பெட்டிக்குள் படிந்திருக்கும். ஓடாமல் நின்ற மோட்டார் குளிர்ந்து ஈரம் வாங்கியிருக்கும். முதல் டிரிப்பிலேயே கேபிளை டிரைவிலிருந்து கழற்றி, மெக்கர் வைத்து 1 மெகா ஓமுக்கு மேல் காட்டுகிறதா என்று பார்த்திருந்தால், மோட்டாரை உலர்த்தியே காப்பாற்றியிருக்கலாம். கழற்றாமல் மெக்கர் வைத்தால் டிரைவும் போய்விடும்.

இந்த டிரைவுக்கு மூன்று டிரிப்புகளே நினைவு. வோல்டேஜ், கரண்ட் விவரமோ கடைசி டிரிப்புக்கு மட்டும். இன்னும் இரண்டு முறை ரீசெட் அடித்து ஓவர்கரண்டிலேயே டிரிப் ஆனால் இரண்டு 16-உம் காணாமற்போய், ஓவர்கரண்ட் மட்டுமே மிஞ்சும். காலையில் வரும் எலக்ட்ரீஷியன் பம்பைப் பிரித்துப்போட்டு ஒரு நாளை வீணாக்குவார். தண்ணீர் ஏறும்போது ரீசெட் அடிக்கும் நைட் ஷிப்ட்காரரைக் குறைசொல்ல மாட்டேன். அடிப்பதற்கு முன் செல்போனில் பேனலைப் படமெடுக்க அவருக்குச் சொல்லிக்கொடுக்காத நிர்வாகத்தைத்தான் சொல்வேன்.

'0401: 0' – பதிவு இல்லை என்று பொருள். 0401-ஐ எடிட்டில் வைத்து மேல், கீழ் பொத்தான்களை ஒருசேர அழுத்திச் சேமித்தால் வரலாறு முழுவதும் அழியும். மோட்டாரைச் சரிசெய்து, பழைய வரிகளை லாக் புத்தகத்தில் ஏற்றிய பிறகு செய்யவேண்டிய வேலை அது.